ஒரு முழம் சுவர்

மார்ட்டன் ஃபெர்மாத் இஞ்சி பன்னோடு வந்து நின்றபோதே ஹெட்டிக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதர் லேசில் போகமாட்டார் என்று. வெறும் கோபத்தோடு வருகிறவர்களை எப்படியாவது சமாளித்து அனுப்பிவிடலாம். பாகு கசிகிற காகிதப் பையை மேஜைமேல் வைத்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வார்த்தைதான் மேடம்" என்று ஆரம்பிக்கிறவரை என்ன செய்வது? அவருக்கு அறுபத்தைந்து வயது. ஸான்டாமில் முப்பது வருடம் பாலம் தூக்குகிற வேலை. படகு வந்தால் பொத்தானை அழுத்திவிட்டு, பாலம் மேலே போய், படகு கடந்து, பாலம் திரும்ப இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். காத்திருப்பதையே பிழைப்பாகச் செய்தவரிடம் வாயாடி ஜெயிக்க முடியுமா?

மேஜைமேல் கிடந்தது கட்டடக் கலைஞர்கள் அகராதியின் நான்காம் தொகுதி, கடைசி மெய்ப்பு. யார் எங்கே பிறந்தார், என்ன கட்டினார், எப்போது இறந்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற புத்தகம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஹெட்டியோடு சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்து பதினோரு வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தார்கள். மார்ட்டனின் அம்மா லோட்டெவுக்கு இதில் ஒன்றரைப் பத்தி கிடைத்திருந்தது. பள்ளிக்கூடங்கள் இரண்டு, நூலகம் ஒன்று, வீடுகள் நாற்பதுக்கு மேல். முதல் வரி இப்படி: "ஃபெர்மாத்-விட்மொண்ட், லோட்டெ (ஆம்ஸ்டர்டாம் 1919 – ஹார்லெம் 2011), நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர்." நெதர்லாந்து என்ற சொல்லுக்கு முன்னால் மார்ட்டன் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இங்க 'யூத'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"முடியாதுன்னு கடுதாசி போட்டிருந்தேனே."

"போட்டீங்க. மூணு தடவை படிச்சேன். முடியாதுங்கறது புரிஞ்சுது. ஏன்னுதான் புரியல."

ஹெட்டி சொன்னாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில். முதல் வரியில் நாடும் தொழிலும் மட்டும்தான் வரும். ஒருவர் தன்னை யூதர் என்று தானாகவே, தன் வாயாலோ கையாலோ, எங்கேயாவது சொல்லியிருந்தால் அந்தச் சொல்லும் வரும். எங்கே சொன்னார் என்ற சான்றும் கூடவே வரும். சொல்லாதவர்மேல் நாமாக ஒட்டுவதில்லை. பெயரைப் பார்த்து ஒட்டுவதில்லை, மூக்கைப் பார்த்து ஒட்டுவதில்லை, அப்பா அம்மாவைப் பார்த்தும் ஒட்டுவதில்லை.

"அப்ப இதெல்லாம்?" அவர் விரல் கீழே இறங்கியது. "அம்மாவோட அப்பா அம்மா, தம்பி, மூணு பேரும் 1943ல சொபிபோர் முகாம்ல கொல்லப்பட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. அம்மா ரெண்டரை வருஷம் பண்ணை வீட்டுப் பரண்ல ஒளிஞ்சிருந்தாங்கன்னு போட்டிருக்கீங்க. மத்தவங்க அவங்களுக்குச் செஞ்சது அத்தனையும் இருக்கு. அவங்க யாருன்னு மட்டும் இல்ல."

ஹெட்டிக்குச் சுருக்கென்றது. இதை இவ்வளவு சுருக்கமாக ஆசிரியர் குழுவில் ஒருத்தரும் சொன்னதில்லை. மார்ட்டன் மெல்லத் தன் பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்தார். ஆவணக் காப்பகத்தில் ஆறு வாரம் காத்திருந்து வாங்கியதாம். 1941ஆம் வருடத்துப் பதிவுப் படிவம். நாட்டை ஆக்கிரமித்த நாஜிகள் ஊரெங்கும் கொடுத்து நிரப்பச் சொன்னது. யூதத் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எதிரே 'நான்கு' என்று அழகான, நிமிர்ந்த எழுத்து. கீழே கையெழுத்து. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கையெழுத்து.

"தன் கையால சொல்லியிருக்காங்க, பாருங்க."

ஹெட்டி அந்தத் தாளைத் தொடவில்லை. "இது அவங்க சொன்னது இல்ல, மார்ட்டன். சொல்ல வெச்சது. இதை நான் சான்றுன்னு போட்டா, அந்தப் படிவத்தை அச்சடிச்சவனோட வேலையை நான் முடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

அவர் தாளை நான்காக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவர் சொன்னது இந்த விவகாரத்துக்குச் சம்பந்தமில்லாததுபோல் இருந்தது. அம்மா போனபிறகு ஒரு சனிக்கிழமை காலையில் கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு யூத ஜெப ஆலயத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் காவலுக்கு நின்ற இளைஞர், மரியாதையாகத்தான், நீங்கள் யார், யாரைத் தெரியும், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். தாக்குதல் பயம் இருக்கிற இந்தக் காலத்தில் கேட்கத்தானே வேண்டும்? "எனக்கு வாயில ஒண்ணும் வரல மேடம். எங்க அம்மா சொன்னதே இல்லையே. கேட்டா, 'நான் வீடு கட்டுறவ, போதாதா?'ன்னு கேப்பாங்க. நான் தப்பான அட்ரஸுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். புத்தகத்துல இருந்தா, இதோ பாருப்பா, இந்தம்மாவோட பையன் நானுன்னு காட்டலாம்ல?" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எந்தக் காவலாளி அகராதியைப் புரட்டப்போகிறான் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

அவர் போனபிறகு ஹெட்டி ஒரு பன்னை எடுத்துப் பிய்த்தாள். விரலெல்லாம் பாகு. ருசி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீபெ உள்ளே வந்தார். ஃப்ரீஸ்லாந்துக்காரர், தலைமை ஆசிரியர், எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவார். "என்னாச்சு, அந்த ஒரு வார்த்தை? வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள உண்டு, இல்லைன்னு சொல்லிடு."

"இல்லைதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பாகு," என்றாள் ஹெட்டி.

இந்த விதியை எழுதியவளே அவள்தான். இரண்டாம் தொகுதி வெளிவந்தபோது நடந்த கூத்துக்குப் பிறகு எழுதியது. அப்போது சிலருக்கு 'யூத' என்று போட்டிருந்தார்கள், சிலருக்குப் போடவில்லை. எங்கள் அப்பாவை டச்சுக்காரர்களிலிருந்து பிரித்துக் காட்ட நீங்கள் யார் என்று ஒருத்தர் எழுதினார். எங்கள் அத்தையை ஏன் மறைத்தீர்கள் என்று இன்னொருத்தர் எழுதினார். குழுவில் மூன்று கூட்டம். யூத வம்சத்தவர் என்று போடலாமா, யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்று போடலாமா, யூதப் பின்னணி கொண்டவர் என்று போடலாமா? பின்னணி என்றால் என்ன, நாடக மேடையில் தொங்குகிற சீலையா என்று ஹெட்டி கேட்டாள். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் யூதப் பெண் என்பதால், அவள் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் சொன்னதே விதியாகிவிட்டது.

அதை எழுதும்போது அவள் மனதில் இருந்தது அம்மாவின் ரப்பர்.

அப்பா சந்தையில் திரைச்சீலைத் துணி விற்றவர். வீட்டில் பன்னிரண்டு தொகுதி கலைக்களஞ்சியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதை மடியில் வைத்துக்கொண்டு, காதில் பென்சிலோடு உட்காருவார். புரட்டிக்கொண்டே வந்து திடீரென்று, "ஏய், இவரு நம்மாளு!" என்று கத்துவார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. சதுரங்க வீரர், வயலின்காரர், குத்துச்சண்டைக்காரர், நட்சத்திரம் பார்க்கிறவர், எல்லாருக்கும் புள்ளி. ஒருநாள் ஒரு பேர்போன மோசடிக்காரனுக்கும் வைத்தார். "அவனுக்குமா?" என்று அம்மா கேட்டதற்கு, "நம்மாளுன்னா எல்லாருந்தான்டி" என்றார். புளித்த ரொட்டியின் துகள்கூட வீட்டில் இருக்கக்கூடாத பஸ்கா பண்டிகைக்கு முன்னால் வீட்டைத் துப்புரவாக்கும்போது அம்மா ஒவ்வொரு புத்தகத்தையும் உதறி, ரொட்டித் துகள் இருக்கிறதா என்று பார்ப்பாள். கையோடு ரப்பரை எடுத்து அத்தனை புள்ளியையும் அழிப்பாள். "யார் யாருன்னு லிஸ்ட் போட்டு வெச்சதாலதான் நம்ம வீட்டுல பாதிப் பேர் இல்ல. நீங்க வேற ஆரம்பிக்காதீங்க." பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா முதல் தொகுதியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

அப்பா இறந்த வருடம் அம்மா புத்தகங்களை உதறினாள், ரப்பரை எடுக்கவில்லை. அந்தத் தொகுதிகள் இப்போது ஹெட்டியின் படுக்கையறையில் இருக்கின்றன. தூக்கம் வராவிட்டால் எதையாவது எடுத்துப் பிரித்து, புள்ளிகளை விரலால் தடவிப் பார்ப்பாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, பிள்ளை குட்டி கிடையாது. இவரு நம்மாளு என்று அந்த வீட்டில் கத்துவதற்கு இனி யாருமில்லை. வேலையில் அவள் அம்மாவின் ரப்பர். படுக்கையறையில் அப்பாவின் பென்சிலுக்காக ஏங்குகிறவள். இந்த வெட்கக்கேட்டை வீபெயிடம் சொல்ல முடியுமா?

புதன்கிழமை மத்தியானம் ஹார்லெமுக்கு ரயில் ஏறினாள். லோட்டெ தனக்கென்று 1958இல் கட்டிக்கொண்ட வீட்டின் புகைப்படம் இருட்டாக இருக்கிறது, புதிதாக ஒன்று எடுத்துவர வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மைக் காரணம் வேறு. அந்த மனிதருக்கு 'இல்லை' என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பன் தின்றாயிற்று, கடுதாசியில் சொல்வது நன்றாக இருக்காது.

வீடு அழகாக இருந்தது. தாழ்ந்த கூரை, வெளிச்சத்தை வாரி உள்ளே விடுகிற ஜன்னல்கள், எங்கேயும் ஒரு சென்டிமீட்டர் வீணில்லை. மார்ட்டன் காப்பி போட உள்ளே போனார். ஹெட்டி நடையில் கோட்டைக் கழற்றினாள். நேரெதிர்ச் சுவரில் கோட்டு மாட்டும் சட்டம். அங்கே மாட்டப்போனவளுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரிந்ததுபோல் இருந்தது. பையிலிருந்து கோப்புறையை எடுத்தாள். போன மாதம் காப்பகத்தில் நகலெடுத்த வரைபடம், லோட்டெவின் கைப்பட வரைந்தது. கதவுப் பிடியின் உயரம்கூடக் குறித்திருந்த அந்த வரைபடத்தில், வாசல் கதவுக்கு நேரெதிரே சுவரில் ஒரு சதுரம் மட்டும் பெயரில்லாமல் இருந்தது. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். மின்சார மீட்டர் பெட்டியாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டாள்.

"மார்ட்டன், மீட்டர் பெட்டி இந்தக் கோட்டுக்குப் பின்னாலயா?"

"இல்லையே, கதவுக்குப் பக்கத்துல. உங்க இடது கைப்பக்கம்."

இடது பக்கம் பார்த்தாள். மீட்டர் அங்கேதான் இருந்தது. "அப்ப இங்க என்ன இருந்துச்சு?"

மார்ட்டன் காப்பித் தட்டோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அதை ஏன் கேக்கறீங்க! அது பெரிய கூத்து. ஊருக்கெல்லாம் மில்லிமீட்டர் பிசகாம கட்டினவங்க, சொந்த வீட்டு நடையில ஒரு பொத்தலை விட்டு வெச்சாங்க. பூச்சே கிடையாது. செங்கல் அப்படியே பல்லைக் காட்டிட்டு இருக்கும். அக்கம்பக்கத்துல கேலி பண்ணுவாங்க. பூசிடலாம்மான்னு நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'இந்த வீடு இன்னும் முடியலடா'ம்பாங்க. அம்பத்து மூணு வருஷமா முடியாத வீடு! அப்புறம் ஒண்ணு, கோடையில வருஷா வருஷம் ஒருநாள் அவங்களுக்கு வயித்து வலி வரும். பச்சைத் தண்ணி குடிக்கமாட்டாங்க. இந்தக் கடைசிப் படி மேல உக்காந்து அந்தப் பொத்தலையே பாத்துட்டு இருப்பாங்க. வயித்து வலிக்குப் படி எதுக்குன்னு எனக்கு விளங்கினதே இல்ல."

ஹெட்டி வரைபடத்தை மடித்தாள். அந்தக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப எங்க அது?"

"பூசிட்டேன்!" என்றார் மார்ட்டன் பெருமையாக. "அவங்க போனதுக்கப்புறம் நான் செஞ்ச முதல் காரியம் அதுதான். பாவம், ஆள் கிடைக்காம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ஊர்லயே நல்ல ஆளா பாத்துக் கூட்டிட்டு வந்தேன். தடவிப் பாருங்க, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியாது."

சொல்லாமல் போய்விடலாமா என்று ஹெட்டி ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்தது நிஜம். படம் எடுத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடலாம். இந்த மனிதர் பாட்டுக்குத் தான் பூசிய சுவரைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார். ஆனால் சுவருக்கு எதிரே, லோட்டெ உட்கார்ந்த படியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

"மார்ட்டன், நீங்களும் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கு அந்தப் படி கொஞ்சம் குறுகல்.

"எங்க பெரியப்பா வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு. வாசலுக்கு நேரா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால எருசலேம்ல நம்ம ஆலயத்தை இடிச்சாங்க இல்ல, அதை மறக்கக்கூடாதுன்னு, புதுசா வீடு கட்டினா ஒரு முழத்துக்கு ஒரு முழம் சுவரைப் பூசாம விடணும். உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படற இடத்துல. ரொம்பப் பேர் இப்ப செய்யறதில்ல. செய்யறவங்க தெரிஞ்சுதான் செய்வாங்க. அந்த ஆலயம் இடிஞ்ச நாள் கோடையில வரும். அன்னிக்கு முழுக்க உபவாசம். நாற்காலியில உக்காரமாட்டாங்க. தாழ்வா, தரையிலயோ படியிலயோ உக்காருவாங்க."

மார்ட்டன் காப்பித் தட்டைத் தரையில் வைத்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல! பக்கத்துலயே இருந்தேனே. அம்பது வருஷம் இதைத் தாண்டித்தானே உள்ள போனேன்."

ஹெட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர் கையைப் பிடிக்கிற பழக்கம் அவளுக்கில்லை. கை கரடுமுரடாக, காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. நம்மாளு, என்று அப்பாவின் குரல் அவளுக்குள் கத்தியது. அது சந்தோஷமா அழுகையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "இப்ப அந்த வார்த்தையைப் போடலாமா?"

"வரைபடம் இருக்கு, அவங்க கையால வரைஞ்சது. யாரும் கட்டாயப்படுத்தி வரையல. ஆனா சதுரத்துல பேர் எழுதல. வீட்டுல கூட இருந்தவங்க, இன்னது இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா சான்றா எடுத்துக்கலாம். எங்க விதியிலயே அதுக்கு இடம் இருக்கு."

"நான் எழுதணும்."

"ஆமா, நீங்கதான்."

"எழுதறதுன்னா, நான் பூசினதையும் எழுதணும்ல?"

வேண்டாம் என்று சொல்ல ஹெட்டிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் அவளைக் குடைந்தது. லோட்டெ வரைந்த சதுரத்தில் எழுத இடம் நிறைய இருந்தது, பென்சிலும் கையில்தான் இருந்தது. எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்ட இடத்தில் அகராதிக்காரி போய் ஒரு சொல்லைப் பூசலாமா? அல்லது என்றைக்காவது யாராவது வாசலில் நுழைந்து பார்த்து, ஏய் என்று கத்தட்டும் என்றுதான் ஐம்பத்து மூன்று வருடம் அதைத் திறந்தே வைத்திருந்தாளா? எந்தப் பக்கம் யோசித்தாலும் நியாயமாகவே இருந்தது.

பைக்குள் போன் அடித்தது. மணி நாலே முக்கால். வீபெதான், சந்தேகமே இல்லை. அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஹெட்டி பைக்குள் கையைவிட்டு, போனை ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

கோட்டுச் சட்டத்தை இருவருமாகக் கழற்றி இறக்கினார்கள். வரைபடத்தைத் தரையில் விரித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவுச் சட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அவள் படிக்கப் படிக்க, மார்ட்டன் அளவு நாடாவைப் பிடித்தார். லோட்டெவின் கணக்கில் பிசகே கிடையாது. வெள்ளைச் சுவரில் அந்தச் சதுரத்தின் நான்கு மூலைக்கும் ஹெட்டி நான்கு புள்ளி வைத்தாள். சின்னப் புள்ளிகள், அப்பா வைக்கிற அளவுக்கு.

மார்ட்டன் பின்பக்கக் கொட்டகைக்குப் போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். புள்ளிகளுக்கு நடுவே உளியை வைத்தவர், அடிக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"திட்டுவாங்களோ?"

"யாரு?"

"அம்மாதான். வேலை சுத்தமா இல்லைன்னா அவங்களுக்குப் பிடிக்காது."

"மெதுவா அடிங்க," என்றாள் ஹெட்டி.

முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கூட்டிவந்திருக்கிறார். நான்காவது அடியில் ஒரு சில்லு தெறித்துத் தரையில் விழுந்தது. நாணயம் அளவுக்குச் செங்கல் தெரிந்தது. மார்ட்டன் உளியைக் கீழே வைத்தார். அந்தச் சிவப்பின்மேல் கட்டைவிரலை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றார்.